பியூஸ் எரிந்த பிறகு



மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் மலைப்பாதையில், பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஓரமாக நிற்கும் பழைய பிக்கப் வண்டிகளை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஏறும்போது அரிசி, சிமெண்ட். இறங்கும்போது கேரட், உருளைக்கிழங்கு. பல குடும்பங்களின் சோறு அந்த வண்டிகளில்தான் இருக்கிறது. செப்டம்பரில் வேளாங்கண்ணித் திருவிழா வந்தால், அதே வண்டியில் தார்ப்பாய் கட்டி இருபது பேர் ஏறிவிடுகிறார்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்பது சட்டம். ஆனாலும் ஏறுகிறார்கள் என்பது நமக்குத் தெரியும்.

புறப்படுமுன் வண்டியை மந்திரிக்க ஆலயத்துக்குக் கொண்டு வருகிறோம். நல்லது. அதற்கும் முன்பு பார்க்க வேண்டிய சிலவற்றை இன்று பேசுவோம்.

முதலில் ரேடியேட்டர் மூடி. உள்ளே இருக்கும் தண்ணீரை அழுத்தத்தில் பிடித்து வைப்பது அதுதான். அழுத்தம் இருக்கும்வரை 100 டிகிரியைத் தாண்டினாலும் தண்ணீர் கொதிப்பதில்லை. மூடியின் ரப்பர் தேய்ந்தால் அழுத்தம் போய்விடும். ஊட்டி உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதிக்கிறது. மலை ஏறும் வண்டிக்கு இது இரட்டைச் சோதனை. எனவே இன்ஜினைப் பிரிப்பதற்கு முன் மூடியை மாற்றிப் பாருங்கள். சூடாக இருக்கும்போது மட்டும் அதைத் திறக்காதீர்கள். அடங்கியிருந்த தண்ணீர் ஆவியாகி முகத்தில் பாயும். வண்டியில் ஹீட்டர் இருந்தால், முள் ஏறும்போது அதை முழுதாகத் திறந்துவிடுங்கள். உள்ளே வியர்க்கும், இன்ஜின் சூடு கொஞ்சம் இறங்கும்.

ஹெட்லைட் போட்டவுடன் சூடு காட்டும் முள் குதிக்கிறதா? இன்ஜின் அந்த நொடியில் சூடாகிவிடவில்லை. அநேகமாக எர்த் சரியில்லை. பேட்டரியின் நெகட்டிவிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் வயர்களைக் கழற்றி, துருவை உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினாலே பல வண்டிகளில் பாதி நோய் தீர்ந்துவிடும்.

இனி பியூஸ். பிக்கப்பில் பின் விளக்கு வயர் சரக்குத் தொட்டியின் அடியில் செல்கிறது. அது சேஸிஸ் விளிம்பில் உரசி உரசி, மேலுறை தேய்ந்து, செம்பு இரும்பைத் தொடுகிறது. பியூஸ் எரிகிறது. விடியுமுன் சந்தைக்குச் சேர வேண்டும். டிரைவர் சிகரெட் பாக்கெட்டின் வெள்ளித்தாளைச் சுற்றிச் சொருகுகிறார். அல்லது சிவப்பு நிற 10 ஆம்பியர் இருந்த இடத்தில் பச்சை நிற 30 ஆம்பியரைப் போடுகிறார். விளக்கு எரிகிறது, வண்டி கிளம்புகிறது.

பியூஸ் எரிவதற்கென்றே செய்யப்பட்டது. அது எரிய மறுத்தால் வயர் எரியும். உறை உருகும், பக்கத்து வயர்களையும் சேர்த்து உருக்கும், டேஷ்போர்டுக்குள் புகை வரும். பின்னால் தார்ப்பாய்க்குள் உறங்குகிறவர்களுக்கு அது தெரியாது.

டிரைவரைக் குறை சொல்லி என்ன பயன்? ஒரு நாள் வாடகை போனால் அந்த மாதத் தவணை இடிக்கும். ஆனால் கோளாறைக் கண்டுபிடிக்க ஒரு நாள் தேவையில்லை. பழைய எலக்ட்ரீஷியன்களுக்குத் தெரிந்த வழி இது: எரிந்த பியூஸைக் கழற்றி, அந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு 21 வாட் பல்பை மாட்டுவார்கள். ஷார்ட் இருக்கும்வரை அது பளிச்சென்று எரியும். பின் விளக்குகளுக்குப் போகும் இணைப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வயரை முன்பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துக்கொண்டே போக வேண்டும். எந்த இடத்தில் பல்பு அணைகிறதோ அங்கேதான் கோளாறு. அந்த இடத்தை ஒட்டி, மேலே ஒரு ரப்பர் குழாயைச் செருகி, பழைய 10 ஆம்பியரையே திரும்பப் போடலாம்.

இன்று மாலை இருட்டியதும் ஒன்று செய்யுங்கள். இன்ஜினை அணைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, வீட்டில் யாரையாவது வண்டியின் பின்னே சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, பிரேக்கை மிதியுங்கள். இரண்டு பக்கமும் சிவப்பு எரிகிறதா என்று அவர்கள் சொல்லட்டும்.