ஆலிஸ் சாலமன் கேட்ட கேள்வி

ஏழைக்கு உதவ நல்ல மனசு போதாதா, அதற்கு ஒரு படிப்பா என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. மனசு மட்டும் போதாது என்று நூறு வருஷத்துக்கு முன்பே அடித்துச் சொன்னவர், பெர்லினில் 1872-ல் பிறந்த ஆலிஸ் சாலமன்.

பெர்லின் அடங்கிய பிரஷ்யாவில் அப்போது பெண்கள் பல்கலைக்கழகத்தில் முறையாகச் சேர முடியாது. விருந்தினர் மாணவியாகத்தான் வகுப்பில் உட்கார்ந்தார். 1906-ல் முனைவர் பட்டமும் வாங்கினார். ஆய்வுப் பொருள் என்ன தெரியுமா? ஆணுக்கும் பெண்ணுக்கும் கூலி ஏன் சமமாக இல்லை என்பது. கேள்வி இன்னும் பழசாகவில்லை, பாருங்கள்!

1908-ல் பெர்லினில் பெண்களுக்கான சமூகப்பணிப் பள்ளியைத் தொடங்கினார். பாடமும் உண்டு, களப்பயிற்சியும் உண்டு. ஒரு குடும்பம் ஏன் நொடித்தது என்று விசாரிக்காமல் கையில் காசைக் கொடுத்து என்ன பயன்? வைத்தியர் நோயைக் கண்டறிவதுபோல் குடும்பத்தின் சிக்கலைக் கண்டறிவது பற்றி 1926-ல் ஒரு நூலே எழுதினார். பிறகு ஜெர்மானியக் குடும்பங்களின் அன்றாட வாழ்வை ஆராயும் பெரிய முயற்சிக்கும் தலைமை ஏற்றார். 1929-ல் உலக சமூகப்பணிப் பள்ளிகளின் கூட்டமைப்புக்கு முதல் தலைவரும் இவரே.

யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதால் 1933-ல் நாஜி அரசு பொறுப்புகளைப் பறித்தது. 1937-ல் நாட்டைவிட்டே விரட்டியது. 1948-ல் நியூயார்க்கில் காலமானார். அவர் தொடங்கிய பள்ளி இன்று உயர்கல்வி நிறுவனமாக வளர்ந்து, பெர்லினில் அவர் பெயரிலேயே நடக்கிறது.