சிறு கணக்கும் பெரு வங்கியும்



பெரும் வங்கியை எதிர்த்துச் சாமானியர் என்ன செய்துவிட முடியும் என்று நாம் சோர்ந்துவிடுகிறோம். பிரிட்டன் மாணவர்கள் அவ்வாறு சோரவில்லை.

நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவில் பார்க்ளேஸ் வங்கி பெருந்தொழில் நடத்தி வந்தது. அதைக் கண்டித்து 1970-களில் அம்மாணவர்கள் அவ்வங்கியைப் புறக்கணித்தனர். புதிய மாணவர்கள் வந்து சேரும் நாட்களில் துண்டறிக்கை வழங்கி, "இங்கே கணக்குத் தொடங்காதீர்" என வேண்டினர். முன்பே தொடங்கியிருந்தோர் பலர் கணக்கை முடித்துக்கொண்டனர்.

மாணவரின் இருப்புத்தொகை சிறிதுதான். ஆயினும், இளமையில் தொடங்கிய கணக்கை எவரும் எளிதில் மாற்றுவதில்லை. இன்று விலகும் மாணவர் நாளைய மருத்துவர், வணிகர் என்பதை வங்கி அறியாததன்று. 1986-ஆம் ஆண்டு பார்க்ளேஸ் தன் தென்னாப்பிரிக்கப் பங்குகளை விற்று வெளியேறியது. அந்நாட்டின் பொருளாதார நெருக்கடியும் அதற்குக் காரணமே. எனினும் புறக்கணிப்பின் பங்கு சிறிதன்று.

இதிலிருந்து நாம் கற்பது யாது? ஒரே நிறுவனம், ஒரே கோரிக்கை, பலர் கூடிய செயல், ஆண்டுக்கணக்கான பொறுமை. கணக்கை முடிக்கும்போது காரணத்தை எழுதிக் கொடுங்கள். காரணம் கூறாமல் விலகுபவர் வெறும் இழந்த வாடிக்கையாளர்; காரணம் கூறி விலகுபவரே எதிர்ப்பாளர்.