அம்மாயியும் வரட்டும், தாராளமாகவே செலவழிப்போம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பிரட்டுக்களத்தில் நின்றுவிட்டு மாலையில் இந்தக் கோயில் முன்றலில் வந்து அமர்ந்திருக்கும் என் சொந்தங்களே!

தாத்தா பாட்டியிலிருந்து பேரப்பிள்ளை வரை மூன்று தலைமுறையும் ஒன்றாகக் கிளம்பி, தாராளமாகச் செலவழித்து, உல்லாசப் பூங்காவுக்குச் சுற்றுலா போவது தோட்டத்துக் குடும்பத்துக்கு வீண் செலவா, வேண்டிய செலவா? இதுதான் இன்றைய கேள்வி. வேண்டிய செலவுதான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் சம்பளக் கணக்கைக் காட்டினார். அந்தக் கணக்கை நான் மறுக்கவில்லை. நம் நாள் சம்பளம் 1,000 ரூபாய் ஆனதே 2021இல்தான். 2024இல் 1,350 ஆனது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் அரசாங்கத்தின் 200 ரூபாயையும் சேர்த்து 1,750 என்றார்கள். இந்தச் சம்பளத்தில் சறுக்குமரம் ஏறப் போகலாமா என்று கேட்டார். அவர் நம் வரவைத்தான் எண்ணினார். நம் மக்கள் இதுவரை போன பயணங்களையும் கொஞ்சம் எண்ணிப் பார்ப்போம்.

முதல் பயணம் 1820களில் தொடங்கியது. கோப்பித் தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று தமிழ்நாட்டிலிருந்து இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். எந்தத் தோட்டம், எந்தக் கங்காணி என்பதையெல்லாம் வேறு யாரோ முடிவு செய்தார்கள். அடுத்த பயணம் 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தோடு வந்தது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று இரண்டு தலைவர்கள் கையெழுத்திட்டார்கள். அண்ணன் தலைமன்னாரில் கப்பல் ஏறினான், தங்கை தோட்டத்து வரிசை வீடான லயத்தில் நின்றாள். இன்னொரு பயணத்தை இந்தச் சபரகமுவையில் இருக்கும் பெரியவர்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. 1977இலும் 1981 ஆகஸ்டிலும் இரத்தினபுரித் தோட்டங்களில் வன்செயல் மூண்டபோது, உடுத்த துணியோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடிய பயணம் அது.

நடுவர் அவர்களே, இருநூறு வருடத்தில் நம் குடும்பங்கள் போன பெரிய பயணங்கள் எல்லாம் பிறர் முடிவெடுத்த பயணங்கள். பெரும்பாலும் குடும்பத்தைப் பிரித்த பயணங்கள். இன்றைக்கும் பிரிவு நிற்கவில்லை. மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான், மகள் மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்கிறாள், பிள்ளைகள் அம்மாயியோடு லயத்தில் வளர்கிறார்கள். அப்படிப்பட்ட குடும்பம் எங்கே போவது, எப்போது போவது, யார் யார் போவது என்று தானே முடிவு செய்து, ஒருவரையும் விட்டுவிடாமல் கிளம்பினால், அதற்கு வீண் செலவு என்றா பெயர் வைப்பீர்கள்?

அடுத்துப் பேசிய சகோதரி, "பிள்ளைகளை மட்டும் கூட்டிப் போங்கள், வயதானவர்களுக்கு அங்கே என்ன வேலை" என்று கேட்டார். உல்லாசப் பூங்கா எப்படிப் பிறந்தது என்று பார்ப்போம். வால்ட் டிஸ்னி தன் இரண்டு மகள்மாரையும் லொஸ் ஏஞ்சலிஸ் பூங்காவில் குடைராட்டினத்தில் ஏற்றிவிட்டுத் தான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். பெற்றவரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் இல்லையே என்ற எண்ணம் அங்கேதான் வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அதன் பலன்தான் 1955 ஜூலை 17இல் அனாஹைமில் திறந்த டிஸ்னிலேண்ட். பெரியவர்களைப் பெஞ்சில் உட்கார வைக்கக் கூடாது என்று தோன்றிய இடத்துக்கு, பெரியவர்களை வீட்டில் விட்டுவிட்டுப் போ என்கிறீர்களே, சகோதரி!

நமக்கு அனாஹைம் வேண்டாம். அவிசாவளை வழியாகப் போனால் பாதுக்கைப் பக்கம் அங்கம்பிட்டியவில் லெஷர் வேர்ல்ட் பூங்கா இருக்கிறது. இரத்தினபுரியிலிருந்து ஹொரணை வழியே இறங்கினால் பண்டாரகமவில் பேர்ல் பே பூங்கா இருக்கிறது. கேகாலைக்காரர்களுக்குப் பக்கத்திலேயே, 1975இல் தொடங்கிய பின்னவல யானைகள் சரணாலயம். வெள்ளைக்காரன் விமானம் ஏறி வந்து பார்க்கும் மா ஓயா யானைக் குளியலை, ஒரு மணி நேரத் தொலைவில் பிறந்து வளர்ந்த அப்பாயி பார்க்காமலே கண்ணை மூட வேண்டுமா?

இப்போது 'தாராளம்' என்ற சொல்லுக்கு வருகிறேன். எதிரணியினர் இதற்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். ஆடம்பர ஹோட்டலும் புது நகையும் என் கணக்கில் இல்லை. யாருடைய உடம்பும் நோகாதபடி செலவு செய்வதைத்தான் தாராளம் என்கிறேன். மூன்று பஸ் மாறி நின்றுகொண்டே போகாமல், ஆளுக்கோர் இருக்கை உள்ள வேன் பிடிப்பது தாராளம். ஒரே நாளில் ஓடித் திரும்பாமல், ஓர் இரவு தங்கி அடுத்த நாள் ஆறுதலாக வருவது தாராளம். எல்லாவற்றுக்கும் மேலே, சாப்பாட்டைக் காசு கொடுத்து வாங்குவது.

நம் வழக்கமான சுற்றுலாவை நினைத்துப் பாருங்கள், தாய்மாரே. நள்ளிரவு தாண்டியதும் எழுந்து புளிச்சோறு கிண்டுவது யார்? போன இடத்தில் பாய் விரித்துப் பரிமாறுவது யார்? ஈரத்துணிக்கும் செருப்புக்கும் காவல் இருப்பது யார்? ஐம்பது வருடம் கொழுந்து பறித்த அதே கைதான்! சிக்கனச் சுற்றுலா என்று நாம் பெருமையாகச் சொல்வது, அந்த ஒருத்தியின் உழைப்பைக் கணக்கில் எழுதாத சுற்றுலா. அவள் ஒருநாள் சமைக்காமல் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றால் காசு செலவாகத்தான் செய்யும். செலவாகட்டும்!

பணம் எங்கிருந்து வரும்? கடன் வாங்கிப் போகாதீர்கள், நகையை அடகு வைக்காதீர்கள். இந்த இடத்தில் நானும் எதிரணியும் ஒரே கட்சி. தாத்தாவின் ஊழியர் சேமலாப நிதியிலும் கை வைக்காதீர்கள், அது அவருடைய முதுமைக்கு. ஆனால் வீட்டில் உழைக்கிற பிள்ளைகள் ஐந்து பேர் இருந்தால், ஆளுக்கு மாதம் 4,000 ரூபாய் போட்டால், பன்னிரண்டு மாதத்தில் 240,000 ரூபாய். கலியாணத்துக்கும் காதுகுத்துக்கும் சீட்டுப் பிடிக்கத் தெரிந்த நமக்கு, பெற்றவர்களின் இரண்டு நாள் சந்தோஷத்துக்குச் சீட்டுப் பிடிக்கத் தெரியாதா?

பணம் சேரட்டும். திட்டமும் வேண்டும். திட்டத்தைக் குடும்பத்தில் மூத்தவரிடமும் இளையவரிடமும் கேட்டுத் தொடங்குங்கள், நடுவில் இருப்பவர்கள் சமாளித்துக்கொள்வார்கள். தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டம்பர் வரை நம்மை நனைக்கும். ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் எல்லா இடமும் நெரிசல். இறப்பர் மரம் இலையுதிர்த்துப் பால்வெட்டுக் குறையும் பெப்ரவரி, மார்ச் நமக்குத் தோது. போன் போட்டு விசாரியுங்கள்: எந்த ராட்டினத்துக்கு எவ்வளவு உயரம் வேண்டும், நீர்ச்சறுக்குக்கு என்ன உடுப்பு வேண்டும் என்று. சேலையோடு சறுக்கில் ஏற விடமாட்டார்கள். வாசலில் வைத்து அம்மாயி வெட்கப்பட்டுத் திரும்பாதபடி, பொருத்தமான உடுப்பை முன்கூட்டியே வாங்கிக் கொடுங்கள். பிரஷர் உள்ளவர்களை வேக ராட்டினத்தில் ஏற்றாதீர்கள். சீனி வருத்தக்காரர் நேரத்துக்குச் சாப்பிடவேண்டும். காலையில் பிள்ளைகளின் ஆட்டம், வெயில் ஏறினால் எல்லோருக்கும் நிழல், மாலை நான்குக்குமேல் மூன்று தலைமுறையும் ஒன்றாக ஏறக்கூடிய மெதுவான விளையாட்டு. இப்படித் திட்டமிட்டால் ஒருவரும் பெஞ்சில் காவல் இருக்கமாட்டார்கள்.

வேனில் போகும் அந்த வழியிலேயே பலன் தொடங்கிவிடும். இரத்தினபுரிக்கு 1912இலேயே ரயில் வந்தது, குறுகிய தண்டவாளத்தில். எழுபதுகளில் அவிசாவளைக்கு அப்பால் அதை நிறுத்திவிட்டார்கள். அந்த ரயிலில் ஏறிய தாத்தாமார் நம் லயங்களில் இன்னும் இருக்கிறார்கள். ரயில் பாதை ஓடிய இடத்தை ஜன்னல் வழியே கைகாட்டிப் பேரனுக்குச் சொல்லத் தாத்தாவைவிட வேறு யாரால் முடியும்? வீட்டில் அவர் பேசத் தொடங்கினால் போனை நோண்டும் பேரன், வேனில் பக்கத்து இருக்கையில் இருந்து கேட்பான். நம் வரலாறு பாடப்புத்தகத்தில் கொஞ்சம்தான் இருக்கிறது. மீதி, வயதானவர்களின் வாயில்தான் இருக்கிறது.

கடைசியாக, எதிரணியின் மிகப் பலமான வாதம்: "இடிந்த லயத்தில் இருந்துகொண்டு சுற்றுலாவா? முதலில் வீடு." வீடு வேண்டும், நடுவர் அவர்களே. 2016 மே மாதம் புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் மண்சரிவு லயத்தையும் அதில் இருந்த உயிர்களையும் மூடியதை நாம் மறக்கவில்லை. ஆனால் பாதுகாப்பான இடத்தில் காணியும் வீடும் தரவேண்டியது அரசின் கடமை, தோட்டக் கம்பனியின் கடமை. அவர்கள் செலுத்தாத கடனை, நம் பெற்றோரின் இரண்டு நாள் சந்தோஷத்திலிருந்து நாம் ஏன் கழிக்கவேண்டும்? வீட்டுக்காகப் போராடுவோம், விடமாட்டோம். அந்தப் போராட்டம் முடியும் வரை அம்மாயியின் ஆயுள் காத்திருக்குமா?

நடுவர் அவர்களே, இந்த நாட்டின் தேயிலையையும் இறப்பரையும் உலகம் சுற்ற அனுப்பியவர்கள் இவர்கள். தம் பேரப்பிள்ளையின் கையைப் பிடித்து இரண்டு நாள் சுற்றிவர இவர்களுக்கு உரிமை உண்டு. அந்த உரிமைக்குக் கணக்குப் பார்க்காமல் செலவு செய்ய நமக்குக் கடமை உண்டு. மூன்று தலைமுறைச் சுற்றுலா வேண்டிய செலவே என்று தீர்ப்பு வழங்குங்கள்.