இடக்கையும் குடியும்



இடக்கையால் சோறெடுத்த பிள்ளையைப் ‘பீச்சாங்கை’ என்று அதட்டி, கையை மாற்றவைத்த தலைமுறை ஜொகூர்த் தோட்டங்களில் வாழ்ந்தது. அந்தக் கைமீது ஆய்வுலகமும் ஒருமுறை ஐயம் கொண்டது. 1973இல் பால் பக்கன் என்ற உளவியலாளர், குடிநோயாளிகளிடையே இடக்கைப் பழக்கம் கூடுதலாகக் காணப்படுவதாக எழுதினார். 2011இல் கெவின் டென்னி என்ற ஆய்வாளர் 12 நாடுகளைச் சேர்ந்த 27,000க்கும் மேற்பட்டோரின் விவரங்களை ஆராய்ந்தார். இடக்கையர் சற்று அடிக்கடி குடிக்கிறார்கள், ஆனால் மிதமிஞ்சிக் குடிப்பதாகச் சான்றில்லை என்றே அவர் கண்டார். இடக்கையரிலும் பத்தில் ஏழு பேருக்குப் பேச்சை ஆள்வது, வலக்கையருக்குப் போலவே, இடப்பக்க மூளைதான். கையை வைத்து ஒருவரின் மூளையையே கணிக்க முடியாதபோது, அவர் குடிகாரர் ஆவாரா என்று எப்படிச் சொல்வது?

மூளையின் பக்கங்களைப் பற்றிய இன்னொரு கருத்து எனக்கு முக்கியமாகப் படுகிறது. நெடுநாள் குடித்தவர்களைச் சோதித்தபோது சொல்வளம் பெரிதும் குறையவில்லை. கட்டைகளை ஒரு வடிவத்துக்கு அடுக்குவதிலும் வழி கண்டுபிடிப்பதிலும் தடுமாறினார்கள். வலப்பக்க மூளைதான் முதலில் கெடுகிறது என்று சிலர் முடிவுகட்டினர். பிறகு வந்த ஸ்கேன் படங்கள் இருபக்கமும், குறிப்பாக முன்மூளையும் சிறுமூளையும், சுருங்குவதைக் காட்டின. ஆனாலும் அந்தச் சோதனை நம் வீடுகளுக்கு ஒன்றைச் சொல்கிறது. “நல்லாத்தானே பேசுறாரு” என்று குடும்பம் ஆறுதல்பட்டுக்கொண்டிருக்கையிலேயே திட்டமிடும் திறனும் தன்னைக் கட்டுப்படுத்தும் திறனும் போய்க்கொண்டிருக்கலாம்.

மிகக் கொடிய சேதமோ இடம், வலம் பார்ப்பதில்லை. மூளையின் நடுப்பகுதியையே தாக்குகிறது. 1881இல் வெர்னிக்கே என்ற மருத்துவர் விவரித்த அந்நோய்க்குக் காரணம் தயமின் என்னும் பி1 வைட்டமின் பற்றாக்குறை. இந்த வைட்டமினின் வரலாற்றில் மலாயாத் தமிழருக்கும் பங்குண்டு. இதே பற்றாக்குறையால் வரும் பெரிபெரி நோய் புழுங்கலரிசி உண்ட தமிழரைப் பெரும்பாலும் தீண்டவில்லை என்பதை பிராடன் என்ற மருத்துவர் கவனித்தார். 1905இல் பிளெட்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநல விடுதியில் ஒரு பிரிவினருக்குத் தீட்டிய பச்சரிசியும் மறு பிரிவினருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். பெரிபெரி பச்சரிசிப் பிரிவைத்தான் வாட்டியது.

பாட்டன்மாரைக் காத்த அந்தச் சத்தைக் குடி பறிக்கிறது. குடிப்பவர் சரியாக உண்பதில்லை. உண்டாலும் குடல் தயமினை முழுதாக உறிஞ்சுவதில்லை. தோட்டத்துக் கள்ளில் ஈஸ்ட்டினால் சிறிதளவு பி வைட்டமினாவது இருந்தது. வடித்தெடுத்த சாராயமான சம்சுவில் அதுவும் கிடையாது. மலிவான சம்சு நம் ஏழைத் தொழிலாளரை எவ்வளவு சீரழித்தது என்பதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

குடிக்கும் ஒருவருக்குத் திடீரெனக் குழப்பம் வந்தால், நடை தள்ளாடினால், கண் ஆடினால் ‘போதைதான், தெளிந்துவிடும்’ என்று படுக்கவைக்காதீர்கள். இவை வெர்னிக்கே நோயின் அறிகுறிகளாக இருக்கலாம்; மூன்றும் சேர்ந்தே வரவேண்டும் என்பதில்லை. உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். குடிப்பழக்கத்தை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். குளுக்கோஸ் ஏற்றும்போது தயமின் ஊசியும் தவறாமல் போட வேண்டும். தாமதித்தால் கோர்சகோவ் என்னும் நினைவிழப்பு நிலைக்குப் போய்விடலாம். அதன்பின் காலையில் நடந்தது மாலையில் நினைவில் நிற்காது; அந்த இழப்பு பெரும்பாலும் முழுமையாக மீள்வதில்லை.