ஒரு பெயர், இரு மாளிகைகள்



இங்கிலாந்தின் வரலாற்றைப் பயில்வோர்க்கு ‘வென்ட்வொர்த்’ என்னும் பெயர் அடிக்கடி எதிர்ப்படும். எதிர்ப்படும் இடந்தோறும் சிறிது மயக்கமும் தரும். அந்நாட்டின் வடபகுதியாகிய யார்க்‌ஷயரின் தென்புறத்தே இப்பெயர் தாங்கிய பெருமாளிகைகள் இரண்டு உள்ளன. ஒன்று வென்ட்வொர்த் உட்ஹவுஸ்; மற்றொன்று வென்ட்வொர்த் காசில். இடைத்தொலைவு ஏறத்தாழ 6 மைல்தான். இவை ஒரே பெயரைப் பெற்றது தற்செயலாக அன்று. ‘பங்காளிக் காய்ச்சல்’ என்று நம் ஊர்களில் சொல்வார்களே, அதுவே காரணம்.

வென்ட்வொர்த் குடியில் தோன்றியவர் முதலாம் சார்ல்ஸ் மன்னரின் அமைச்சராக இருந்து, 1641இல் பாராளுமன்றத்தின் சினத்துக்கு ஆளாகித் தலை வெட்டுண்ட ஸ்ட்ராஃபோர்டு பிரபு. அவர் மகன் 1695இல் மகப்பேறின்றி மறைந்தார். தந்தைவழியில் நெருங்கிய உறவினர், தலை வெட்டுண்டவருடைய தம்பியின் பேரர் ஒருவர். 23 வயதுப் போர்வீரர். சொத்து தமக்கே வரும் என்று அவர் நம்பியிருந்தார். ஆனால் அவருக்குக் கிடைத்தது ‘ரேபி பிரபு’ என்ற பட்டம் மட்டுமே. நிலமும் மாளிகையும் மறைந்தவரின் சகோதரி ஆன் என்பாரின் மகனுக்குப் போயின. வாட்ஸன் என்ற குடிப்பெயருடைய அம்மருமான், தம் பெயரோடு ‘வென்ட்வொர்த்’ என்பதையும் சேர்த்துக்கொண்டார். (ஸ்ட்ராஃபோர்டு, ரேபி, வாட்ஸன், வாட்ஸனின் மகன் ஆகிய நால்வருக்குமே தாமஸ் என்பதுதான் பெயர். தேர்வில் மாணவர் தடுமாறுவதில் வியப்பென்ன?)

பிறப்பால் வென்ட்வொர்த் ஆனவருக்கு மாளிகை இல்லை. மாளிகை பெற்றவரோ பெயரை எடுத்துக்கொண்டவர். ரேபிக்கு இது ஆறாத புண்ணாயிற்று. 1708இல் அவர் உட்ஹவுஸுக்கு அண்மையிலேயே ஸ்டெயின்பரோ என்னும் பண்ணையை வாங்கினார். பெர்லினில் தூதராக இருந்தவராதலின், பிரஷ்ய அரசுப் பணியிலிருந்த போட் என்னும் கட்டடக் கலைஞரைக் கொண்டு புதுமாளிகைக்குத் திட்டம் வகுத்தார். 1711இல் ஸ்ட்ராஃபோர்டு பட்டத்தையும் புதிதாகப் பெற்றார். தோட்டத்து மேட்டில் பழங்காலத்துக் கோட்டைபோல் ஒரு பொய்க்கோட்டை கட்டி, அதன் சிறு கோபுரங்களுக்குத் தம் மக்களின் பெயர்களைச் சூட்டினார். பிறகு 1731இல் மாளிகைக்கே ‘வென்ட்வொர்த் காசில்’ என்று பெயர் மாற்றினார். பிள்ளைத்தனம் என்று சிரிப்பாரும் உளர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. நீதிமன்றத்தில் வெல்ல முடியாத வழக்கை அவர் கல்லில் தொடுத்தார் என்றே எண்ணுகிறேன்.

உட்ஹவுஸில் இருந்தோர் வாளாவிருக்கவில்லை. வாட்ஸனின் மகன் முதலில் மேற்குப் பார்த்த செங்கல் மாளிகை ஒன்றை எழுப்பினார். அது முடிவதற்குள் சுவை மாறிவிட, அதன் முதுகோடு முதுகாகக் கிழக்குப் பார்த்த இன்னொன்றைத் தொடங்கினார். அக்கிழக்கு முகப்பின் நீளம் 606 அடி! அறைகளோ 300க்கு மேல். அரசியலிலும் இரு வீட்டாரும் எதிரெதிர்: உட்ஹவுஸ் விக் கட்சி, காசில் டோரிக் கட்சி. 1714இல் ஆன் அரசியார் மறைந்து விக் கட்சியார் கை ஓங்கியதும் ஸ்ட்ராஃபோர்டின் செல்வாக்கு வீழ்ந்தது. உட்ஹவுஸ் வீட்டாரோ ராக்கிங்ஹாம் மார்க்குவிஸ் ஆயினர்; அம்மரபின் இரண்டாம் மார்க்குவிஸ் 1765இலும் 1782இலும் தலைமையமைச்சர் ஆனார். அமெரிக்கக் குடியேறிகள் வெறுத்த முத்திரைச் சட்டம் 1766இல் நீக்கப்பட்டது அவர் ஆட்சியில்தான்.

அவரும் 1782இல் மகவின்றி மறைய, சொத்து மறுபடியும் சகோதரி மகனுக்கே, ஃபிட்ஸ்வில்லியம் பிரபுவுக்கே, சென்றது. அச்சகோதரியின் பெயரும் ஆன்! புதிய ஸ்ட்ராஃபோர்டு பட்டம் 1799இல் அற்றது. உரிமை கொண்டாடிய இரு மரபும் ஓய்ந்தன. பெயர்கள் மட்டும் நின்றன.

1946இல் உட்ஹவுஸின் தோட்டத்தை, வாயிற்படி வரையில் நிலக்கரிக்காகத் தோண்ட அரசாங்கம் ஆணையிட்டது. சுரங்கத் தொழிலாளர் சங்கத்தாரே வேண்டாம் என்று தடுத்தும் பயனில்லை. பின்னர் அம்மாளிகை, பெண்களுக்கான உடற்பயிற்சி ஆசிரியர் கல்லூரி ஆயிற்று. வென்ட்வொர்த் காசிலும் 1949 முதல் 1978 வரை ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியாக விளங்கியது! பயிற்சிக் கல்லூரியின் பலகை இருக்கையில் அமர்ந்து எழுந்தவனாகிய எனக்கு, பகைவீடுகள் இரண்டிலும் ஒரே காலத்தில் பாடக்குறிப்பு எழுதப்பட்டது என்பதை நினைக்குந்தோறும் உவகை பிறக்கிறது. 1978இல் காசிலுக்கு முதியோர் பயிலும் வடபுலக் கல்லூரி வந்தது. உட்ஹவுஸை 2017இல் ஒரு பாதுகாப்பு அறக்கட்டளை விலைக்கு வாங்கிப் பழுது பார்க்கத் தொடங்கியது.

ரேபி இட்ட பெயர் மாளிகைக்கு இன்றும் வழங்குகிறது. அவர் மறைக்க விரும்பிய ஸ்டெயின்பரோ என்ற பழம்பெயரைத் தாங்கி நிற்பதோ, தோட்டத்து மேட்டிலுள்ள அந்தப் பொய்க்கோட்டை.