பட்டம் பெறாத ஆய்வேடு
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



டாக்டர் பட்டத்திற்கு ஆய்வேடு எழுதி அளிப்பது பற்றிப் பேசுமாறு செயலாளர் எம்மைப் பணித்தபோது யாம் நகைத்தோம். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியோடு இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராகப் புகுந்தவர் யாம். இருபது ஆண்டுகளாகப் பேரேடும் படிவமும் அன்றி வேறு நூல் மிகுதியாக அறியோம். ஆயினும் ஆய்வேட்டை எழுதுவது அறிஞர் வேலை, அதனைக் கொண்டுபோய் அளிப்பதோ பாதிக்கு மேல் எழுத்தர் வேலை என்பதைச் சென்ற ஆண்டு எம் வீட்டிலேயே கண்டோம். அந்தத் துணிவில் நிற்கின்றோம்.

எம் தமையனார் மகள் இந்நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆய்வு மாணவி. பெங்களூர்த் தண்டுப் பகுதித் தமிழரின் பேச்சு வழக்கே அவள் எடுத்துக்கொண்ட பொருள். அல்சூரிலும் சிவாஜிநகரிலும் வீடு வீடாக ஏறி இறங்கிப் பாட்டிமார் பேச்சைப் பதிவு செய்தாள். முந்நூறு பக்கங்களுக்கு மேல் எழுதினாள். ஆய்வுச் சுருக்கம் அளித்தாயிற்று. துறையினர் முன்னிலையில் எடுத்துரைத்தாயிற்று. பிறர் எழுத்தைக் களவாடவில்லை என்று கணிப்பொறி கொண்டு சோதிக்கும் சடங்கும் முடிந்தது. பத்து விழுக்காடு வரை ஒப்புமை இருந்தால் தண்டனை இல்லை என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதி. மேடையில் பேசுவோர்க்கு அவ்விதி வாராதிருப்பது எம் போன்றோரின் நல்லூழ்.

கட்டுப் போடுபவர் அட்டையில் பொன்னெழுத்தும் பொறித்துவிட்டார். கொண்டுபோய் நீட்டினால், "முன்பு படித்த பல்கலைக்கழகத்தின் இடப்பெயர்வுச் சான்றிதழ், மூலப்படி, கோப்பில் இல்லை, ஆய்வேட்டைப் பெற இயலாது" என்று விடை வந்தது. சேர்ந்த நாளிலேயே கொடுத்துவிட்டதாக அவள் சொன்னாள். இரசீது இல்லை. இதில் பிறரைப் பழிக்க யாம் புகவில்லை. அன்று அவளுடன் சென்றவர் யாமே. ஊரார்க்கெல்லாம் 'இரசீது வாங்குங்கள்' என்று ஓதும் யாம் அன்று அதனைக் கேட்க மறந்தோம். ஆறாண்டுக் கெடு முடிய இருபத்து மூன்று நாள்களே இருந்தன. நீட்டிப்புக் கேட்கலாம், அதற்கும் அதே சான்றிதழ் வேண்டுமாம்.

வீடு திரும்பியதும், "சித்தப்பா, பட்டமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். இதைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிடுங்கள்" என்று அழுதாள். அன்றிரவு அவளுக்கு யாம் சொன்ன வரலாற்றையே உங்கட்கும் சொல்ல விரும்புகின்றோம். அது நம் பெங்களூரில் நடந்தது.

பீர்மேட்டில் 1918ஆம் ஆண்டு பிறந்தவர் அன்னா மணி அம்மையார். எட்டாம் பிறந்தநாளில் வீட்டார் வைரத்தோடு கொடுத்தபோது, அது வேண்டாம், கலைக்களஞ்சியம் வாங்கித் தாருங்கள் என்று கேட்டவர். சென்னையில் பயின்று, பௌதிகத்திலும் இரசாயனத்திலும் 1939இல் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். 1940இல், இவ்வூரார் டாட்டா இன்ஸ்டிடியூட் என்று வழங்கும் இந்திய அறிவியற் கழகத்திற்கு உதவித்தொகையோடு வந்து, சர் சி. வி. இராமன் அவர்களின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை என்ன தெரியுமா? வைரங்களை ஆராய்வது! காதில் அணிய மறுத்த கல்லைக் கண்ணால் அளக்க நேர்ந்தது.

முப்பதுக்கு மேற்பட்ட வைரங்கள் அவர் கைக்கு வந்தன. ஒவ்வொன்றும் எந்நிற ஒளியை விழுங்குகிறது, எந்நிற ஒளியை உமிழ்கிறது, குளிரும் வெப்பமும் மாற அவ்வொளி எவ்வாறு மாறுகிறது என்று பார்க்க வேண்டும். திரவக் காற்றின் கடுங்குளிரில் கல்லைப் பல மணி நேரம் வைத்திருக்க வேண்டும். சில வைரங்களின் ஒளி மிக மங்கலானது. புகைப்படத் தகட்டில் அது பதிவதற்குப் பதினைந்து முதல் இருபது மணி நேரம் ஆகும். ஒரு தகட்டுக்கு ஒரு பகலும் ஓர் இரவும் என்று கொள்ளுங்கள். எம்மைப் போல் இரவுப் பணி பார்த்தவர்க்கு அதன் அருமை விளங்கும். இவ்வாறு உழைத்து, 1942க்கும் 1945க்கும் இடையில் தம் பெயரில் மட்டும் ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார்.

1945 ஆகஸ்டில் ஆய்வேட்டை எழுதி முடித்துச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு அளித்தார். பெங்களூரில் செய்த ஆய்வுக்குச் சென்னையில் ஏன் என்று கேட்பீர்கள். பல்கலைக்கழகத்திற்கு நிகரான நிலை டாட்டா இன்ஸ்டிடியூட்டிற்கு 1958இல்தான் கிட்டியது. அதற்கு முன் இங்கு உழைத்து, அங்குப் பட்டம் பெறுவதே வழக்கம். அன்னா மணிக்குப் பட்டம் மறுக்கப்பட்டது. எம்.எஸ்ஸி. இல்லையாம். ஆனர்ஸ் போதாதாம்.

எழுத்தர் என்ற முறையில் யாம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். விதிப்படி அது சரியாகவே இருந்திருக்கும். தகுதிக் கட்டம் வெறுமையாக இருந்தால் சிவப்பு மையில் கோடிட்டுத் திருப்புவதை யாமும் நாள்தோறும் செய்கின்றோம். சீட்டில்லாப் பயணியை இறங்கும் நிலையத்தில் பிடிப்பதும் எம் துறையின் வழக்கந்தான். ஆனால் இவர் வண்டியில் ஒளிந்து வந்தவரா? ஐந்தாண்டுக் காலம் கரி அள்ளிப் போட்டு வண்டியை ஓட்டி வந்தவர் அல்லரோ?

இன்னொன்றும் எம் நெஞ்சில் உறுத்துகின்றது. அதே பல்கலைக்கழகந்தான், 1913ஆம் ஆண்டில், எஃப்.ஏ. தேர்விலேயே தவறிய ஒரு துறைமுக எழுத்தருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. அவர்தாம் கணித மேதை இராமானுஜன். எழுத்தர் குலத்திற்கே பெருமை சேர்த்தவர் என்று யாம் அவரைப் பற்றிச் சொல்லிக்கொள்வதுண்டு. கேம்பிரிட்ஜும் 1916இல் அவர் ஆராய்ச்சியைக் கொண்டே பி.ஏ. பட்டம் அளித்தது. ஆகவே விதி நெகிழாப் பொருள் அன்று. ஏட்டைத் திறந்து படித்துப் பார்த்து, 'இவருக்காக நெகிழ்த்தலாம்' என்று எழுத ஒரு கை வேண்டும். 1945இல் அக்கை நீளவில்லை.

அவ்வாண்டிலேயே அம்மையார் அரசு உதவித்தொகையில் இங்கிலாந்து சென்று, வானிலைக் கருவிகள் பற்றிப் பயின்றார். 1948இல் திரும்பிப் புனாவில் வானிலைத் துறையில் சேர்ந்து, துணைத் தலைமை இயக்குநராக 1976இல் ஓய்வு பெற்றார். இந்தியாவில் எவ்விடத்தில் எவ்வளவு வெயில் விழுகிறது என்று கணக்கிட்டு அவர் தொகுத்த பெருநூல்கள் 1980இலும் 1981இலும் வந்தன. பின்னர்ப் பெங்களூருக்கே மீண்டு, காற்றின் விரைவையும் கதிரவன் ஒளியையும் அளக்கும் கருவிகள் செய்ய ஒரு பட்டறையும் நடத்தினார். 2001இல் மறைந்தார். டாக்டர் பட்டம் இல்லாமையால் தம் வாழ்வில் பெரிய வேறுபாடு நேரவில்லை என்றே பிற்காலத்தில் கூறினார். மறுக்கப்பட்ட அந்த ஆய்வேடோ, இராமன் ஆராய்ச்சி நிலைய நூலகத்தில், பட்டம் பெற்ற ஏடுகளோடு ஏடாகக் கட்டுப் போட்டு வைக்கப்பட்டது. முதுகைப் பார்த்து வேற்றுமை காண இயலாது.

இவ்வளவும் சொல்லி முடித்தோம். எம் மகள் தேறிவிடுவாள் என்று எதிர்பார்த்தோம். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவருக்கு அரசுப் பணி கிடைத்தது, சித்தப்பா. இன்று ஒரு கல்லூரி நேர்முகத்திற்குப் போனால் பாதிப்பேர் டாக்டர்கள். நான் எதைக் காட்டுவேன்?" என்று கேட்டாள். எம்மிடம் விடை இல்லை. பெரியோர் வரலாறு பசிக்கு உதவாத வேளையும் உண்டு.

ஆகவே பேச்சை நிறுத்திவிட்டு, எமக்குத் தெரிந்த வேலையைச் செய்தோம். பாஸ் எழுதி வாங்கி, இரவு வண்டியில் ஏறி, அவள் முன்பு படித்த ஊருக்குச் சென்றோம். இரண்டாம் படி வழங்க உறுதிமொழிப் பத்திரம், கட்டணச் சீட்டு, கல்லூரி முதல்வர் கடிதம் என்று மூன்று கேட்டனர். மூன்றும் தயாராகப் பையில் இருந்தன. எழுத்தரை எழுத்தர் அறிவார்! நான்காம் நாள் சான்றிதழ் கைக்கு வந்தது.

இளைஞர்களுக்கு இடையில் ஒரு சொல். பக்கம் பெருக்கிப் பயனில்லை. இதே டாட்டா இன்ஸ்டிடியூட்டில் 1933இல் பெண் என்பதற்காக முதலில் மறுக்கப்பட்டு, வாதாடி இடம் பெற்ற கமலா சோஹனி அம்மையார், பின்பு கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றது 1939இல். ஆய்வேடு நாற்பது பக்கமே. விதிகளையும் ஆண்டுதோறும் பாருங்கள், அவை மாறுகின்றன. நான்காண்டு இளங்கலையில் 75 விழுக்காடு பெற்றவர் எம்.ஏ., எம்.எஸ்ஸி. இன்றியே ஆய்வில் சேரலாம் என்று 2022ஆம் ஆண்டு விதி வந்துள்ளது. அன்னா மணியை மறித்த கதவு திறக்க எழுபத்தேழு ஆண்டுகள்.

கெடுவுக்கு ஒன்பது நாள் முன்னதாக ஆய்வேட்டை அளித்தோம். முத்திரை குத்திய எழுத்தரிடம் யாம் இரசீது கேட்டோம். அவர் எம்மை ஏற இறங்கப் பார்த்து, "நீங்கள் எந்த அலுவலகம்?" என்று சிரித்துக்கொண்டே எழுதித் தந்தார். ஏடு இப்பொழுது வெளித் தேர்வாளர் இருவரிடம் இருக்கின்றது. வாய்மொழித் தேர்வுக்கு நாள் இன்னும் குறிக்கவில்லை. அவள் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கின்றாள். இவ்வளவு சொன்னதற்கு வீட்டில் எமக்கு என்ன கிடைக்குமோ, அறியோம். தலைவர் அவர்களும் கடிகாரத்தைப் பார்க்கின்றார்.