பொற்சின்னமும் பின்புறத்துப் பெயரும்

பெயர் பொறித்த பொருளுக்குத் தனியியல்பு ஒன்று உண்டு. வெறும் பொன் கடைக்குச் சென்றால் அதன் எடையொன்றே பேசும். பெயர் பொறித்த பொன் சென்றால், எடையோடு ஒரு கேள்வியும் எழும். இஃது யாருடையது என்பதே அக்கேள்வி. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே, பழைய மாணவர் சங்கச் சின்னங்களைச் சேகரிக்கும் பலர் இக்கேள்வியோடுதான் தங்கள் பொழுதைக் கழிக்கின்றனர். அவர்கள் தேடுவன மன்னர் முடிகளோ போர்வாள்களோ அல்ல. கல்லூரியிற் பயின்ற இளைஞரும் கன்னியரும் ஒருகாலத்தில் மார்பில் அணிந்த சின்னஞ்சிறு பொற்சின்னங்களே அவை.

அந்நாட்டிலே முதியவர் ஒருவர் மறைந்தபின், அவர் பயன்படுத்திய பொருள்களை வீட்டிலேயே பரப்பி விற்கும் வழக்கம் உண்டு. தையற்பெட்டியின் அடியில், பொத்தான்களோடு பொத்தானாக, பெருவிரல் நகத்தளவான புறூச் போன்ற ஒரு பொருள் அகப்படும். முன்புறத்தில் இரண்டு அல்லது மூன்று கிரேக்க எழுத்துகள். சுற்றிலும் கடுகளவு முத்துகள். பின்புறத்தில் நுண்ணிய எழுத்தில் ஒரு பெயர், சில வேளைகளில் ஓர் ஆண்டு. பேரப்பிள்ளைகளுக்கு அதன் பொருள் தெரியாது. பொற்கடைக்காரர் அதைத் தராசில் இடுவார். அவ்விடத்திலே சேகரிப்பாளர் வந்து சேராவிடின், அச்சின்னம் உருகிப் போகும். பெயரும் அதனோடு உருகிப் போகும்.

இச்சங்கங்களின் வரலாறு அந்நாட்டின் வரலாற்றோடு ஒட்டிப் பிறந்தது. சுதந்திரப் பிரகடனம் வெளியான அதே 1776ஆம் ஆண்டு டிசெம்பர் 5ஆந் திகதி, வேர்ஜினியா மாநிலத்து வில்லியம் அன்ட் மேரி கல்லூரியிலே மாணவர் சிலர் கூடி, ‘பை பீற்றா கப்பா’ என்னும் மூன்று கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட சங்கமொன்றை நிறுவினர். கல்வியின்மீதுள்ள காதலே வாழ்வுக்கு வழிகாட்டி என்னும் கருத்துடைய கிரேக்க வாக்கியத்தின் முதலெழுத்துகள் அவை. சதுரமான வெள்ளிப் பதக்கமொன்று அவர்களின் சின்னமாயிற்று. பிற்காலத்திலே அப்பதக்கத்தோடு ஒரு தண்டு சேர்ந்தது. அக்காலச் சட்டைப்பைக் கடிகாரங்களுக்குச் சாவி கொடுக்க அது பயன்பட்டது. இன்றும் அச்சின்னத்தை அமெரிக்கர் ‘சாவி’ என்றே அழைக்கின்றனர். அச்சங்கம் நாளடைவில் இரகசியத்தைக் கைவிட்டு, கல்வியிற் சிறந்தோரைப் போற்றும் சங்கமாயிற்று. 1875ஆம் ஆண்டில் வெர்மொன்ற் பல்கலைக்கழகத்துக் கிளை முதன்முதலாகப் பெண்களையும், 1877இல் ஒரு கறுப்பின மாணவரையும் உறுப்பினராக ஏற்றது.

எனினும் இன்று சேகரிப்பாளர் தேடும் சின்னங்களிற் பெரும்பாலானவை வேறொரு மரபைச் சார்ந்தவை. 1825ஆம் ஆண்டிலே நியூயோர்க் மாநிலத்து யூனியன் கல்லூரியிலே ‘கப்பா அல்பா’ என்னும் சங்கம் தோன்றியது. 1827இல் அதே கல்லூரியில் மேலும் இரண்டு தோன்றின. இவை நட்புக்கும் ஒன்றாக வாழ்தற்கும் ஏற்பட்ட சகோதரர் சங்கங்கள். ஆங்கிலத்திலே ‘பிரட்டேர்னிற்றி’ எனப்படும். தமக்கென ஒரு சத்தியப்பிரமாணம், ஒரு கைகுலுக்கல், ஒரு பாட்டு, ஒரு சின்னம் என்பன அவற்றுக்கு உண்டு. வீட்டைவிட்டு நெடுந்தூரம் வந்த இளைஞனுக்கு அச்சங்கம் ஒரு குடும்பமாக அமைந்தது. குடும்பம் என்றால் உள்ளே இருப்போரும் உண்டு. வெளியே நிற்போரும் உண்டு.

வெளியே நின்றவர்களில் ஒருத்தியைப் பற்றிய கதை இங்கே கூறத்தக்கது. இந்தியானா மாநிலத்திலே, இந்தியானா ஆஸ்பெரி என அன்று வழங்கிய பல்கலைக்கழகம் 1867ஆம் ஆண்டிலே பெண்களுக்குக் கதவு திறந்தது. அவ்வாறு நுழைந்த முதற் பெண்களுள் பெற்றி லொக் என்பவர் ஒருவர். ஆண்கள் சங்கமொன்று அவருக்குத் தன் சின்னத்தை அணியக் கொடுக்க முன்வந்தது. ஆனால் உறுப்புரிமை கொடுக்க முன்வரவில்லை. உறுப்புரிமையற்ற சின்னம் வேண்டாமென்று அவர் மறுத்துவிட்டார். சின்னத்திற்குப் பதிலாக அவர்கள் வெள்ளியாலான பலகாரக் கூடையொன்றைப் பரிசளித்தனர். பின்னர், 1870ஆம் ஆண்டு சனவரி 27ஆந் திகதி, அவரும் தோழியர் மூவரும் ‘கப்பா அல்பா தீற்றா’ என்னும் பெண்கள் சங்கத்தை நிறுவினர். பட்டத்தின் வடிவிலமைந்த அவர்தம் சின்னம் இன்றுவரை வழக்கில் உள்ளது. அச்சங்கத்தார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் வரலாறு இது.

இல்லினோய் மாநிலத்து மொன்மத் கல்லூரியிலும் 1867இலும் 1870இலும் இரண்டு பெண்கள் சங்கங்கள் எழுந்தன. ஒன்றின் சின்னம் பொன்னம்பு. மற்றதன் சின்னம் பொற்சாவி. பெண்கள் சங்கத்தைக் குறிக்கும் ‘சொறோறிற்றி’ என்னுஞ் சொல்லை, சோதரி எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து, சிறக்கூஸ் பல்கலைக்கழகத்து இலத்தீன் ஆசிரியர் ஒருவர் 1882ஆம் ஆண்டளவில் ஆக்கிக் கொடுத்தார் என்பர்.

இனி, சேகரிப்பாளர் எவற்றைச் சேர்க்கின்றனர் என்பதைப் பார்ப்போம். முதலிடம் மார்புச் சின்னத்திற்கே. அதைப் படிப்பதற்கும் ஒரு முறை உண்டு. முன்புறம் சங்கத்தின் பெயரைச் சொல்லும். மெல்லிய சங்கிலியாற் பிணைத்த சிறு துணைச்சின்னம் இருப்பின், அதிலுள்ள எழுத்து எந்தக் கல்லூரியின் கிளை என்பதைச் சொல்லும். பதித்த கல் முத்தா, மரகதமா, வைரமா என்பது அணிந்தவரின் கைவளத்தைச் சொல்லும். பின்புறத்து முத்திரை செய்தவரைச் சொல்லும். டெற்றோயிற் நகரத்து றைற் கே, பேர் பற்றர்சன் முதலிய பொற்பணியாளரும், 1913இல் மாசசூசெற்ஸ் மாநிலத்து அற்றில்பொறோவில் தொடங்கிய பல்பர் நிறுவனமும் இத்தொழிலிற் பெயர் பெற்றவர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பெயரே ஒரு மனிதரைச் சொல்லும். ஆகையால் பழகிய சேகரிப்பாளர் சின்னத்தைக் கையில் எடுத்தவுடன் முதலிற் பின்புறத்தையே திருப்பிப் பார்ப்பார். பெயரைத் தேய்த்தழித்த சின்னம் அவர் கண்ணுக்கு முகமிழந்த ஓவியம் போன்றது.

சின்னத்தோடு வேறு பொருள்களும் சேரும். நடன விழாக்களில் மங்கையர் கையிற் கட்டிய சிற்றேடுகள் அவற்றுள் ஒன்று. எந்த நடனத்தை யாரோடு ஆடுவது என்பதைக் குறிக்க, நூலிற் கட்டிய சிறு பென்சிலோடு அவை அச்சிடப்பட்டன. சங்கப் பாட்டுப் புத்தகங்களும், உறுப்பினர் அனைவரின் முகங்களையும் ஒரே சட்டத்தில் அடுக்கிய படங்களும் உண்டு. வில்லியம் றேமண்ட் பேயர்ட் என்பவர் 1879இல் முதன்முதலாக வெளியிட்டு, பின்னர் பல பதிப்புகள் கண்ட சங்கக் கைந்நூல் சேகரிப்பாளர் அனைவரும் நாடும் துணை. அந்நூலின்றி மறைந்துபோன சங்கமொன்றின் சின்னத்தை இனங்காணல் அரிது.

இங்கேதான் வழக்கு எழுகின்றது. பல சங்கங்களின் விதிப்படி, சின்னம் உறுப்பினரின் சொத்தன்று. அது வாழ்நாள் முழுவதும் அணிந்துகொள்ளச் சங்கம் கொடுத்த இரவற் பொருள். அவர் மறைந்தபின் அது சங்கத்திற்குத் திரும்ப வேண்டும்; அல்லது அவரோடு புதைக்கப்படவேண்டும்; அல்லது அதே சங்கத்து உறுப்பினரான உறவினரைச் சேரவேண்டும். இணையவழி ஏலங்களிலே தங்கள் சின்னம் விலைக்கு வருவதைக் கண்டால் மனம் நொந்து, கைப்பொருளைச் செலவிட்டு அதை மீட்டெடுக்கும் உறுப்பினர் உளர். சேகரிப்பாளரோ, “நாங்கள் வாங்காவிடின் இவை உருக்குலைக்குப் போயிருக்குமே” என்கின்றனர். பொன்னின் விலை ஏறுந்தோறும் அவர்கள் சொல்லுக்கு வலுவும் ஏறுகின்றது.

இருதரப்பிலும் நியாயம் உண்டு. இதைத் தீர்த்துவைக்கப் பெற்றி லொக்கின் மறுப்பே துணைசெய்யும். உறுப்புரிமையின்றிச் சின்னம் வேண்டாம் என்றார் அவர். சின்னத்தை விலைகொடுத்து வாங்கலாம். அது குறிக்கும் உறவை விலைகொடுத்து வாங்க இயலாது. இவ்வுண்மையை உணர்ந்த சேகரிப்பாளர் அதைத் தம் சட்டையிற் குத்திக்கொள்ளார். பெட்டியில் வைத்துப் பெயரை ஆராய்வார். அவர் உரிமையாளரல்லர், காவலர்.

காவலருக்கு இன்னொரு கடமையும் உண்டு. இனிய நினைவுகளை மாத்திரம் காத்து, கசப்பை மறைத்தல் தகாது. இச்சங்கங்களுட் பல, வெள்ளையரல்லாதாரை நெடுங்காலம் வாயிலிலேயே நிறுத்தின. 1905ஆம் ஆண்டளவில் கோர்னெல் பல்கலைக்கழகத்திற் கற்ற கறுப்பின மாணவர் மிகச் சிலர். அவர்களுட் சிலர் படிப்பை முடிக்காமலே சென்றுவிட, எஞ்சியோர் ஒருவர்க்கொருவர் துணையாகக் கூடினர். 1906ஆம் ஆண்டு டிசெம்பர் 4ஆந் திகதி அவர்களுள் எழுவர் ‘அல்பா பை அல்பா’ சங்கத்தை நிறுவினர். மாட்டின் லூதர் கிங் பிற்காலத்தில் அதன் உறுப்பினரானார். 1908இல் வொஷிங்ரன் நகரத்து ஹவார்ட் பல்கலைக்கழகத்திலே கறுப்பினப் பெண்கள் ‘அல்பா கப்பா அல்பா’ சங்கத்தைக் கண்டனர். அதே பல்கலைக்கழகத்தில் 1913 சனவரியில் இருபத்திருவர் ‘டெல்ற்றா சிக்மா தீற்றா’ சங்கத்தை அமைத்தனர். அவர்கள் முதலிற் செய்த பொதுப்பணி, அவ்வாண்டு மார்ச் 3ஆந் திகதி பெண்கள் வாக்குரிமைக்காக நடந்த பெரும் ஊர்வலத்திலே சேர்ந்து நடந்தமையாகும். அந்நாளைய சின்னமொன்று இன்று ஒருவர் கையில் அகப்படுமாயின், அதன் விலையைப் பொன்னிறையாற் கணித்தல் அறியாமை.

தமிழருக்கும் இதிலே ஓரிழைத் தொடர்பு உண்டு. சென்னையிற் பிறந்து, 1958இல் மேற்படிப்பிற்காக அமெரிக்கா சென்றவர் சியாமளா கோபாலன் என்னும் தமிழ்ப்பெண். அவர் மகள் கமலா ஹரிஸ் 1986இல் ஹவார்டிற் கற்றபோது அல்பா கப்பா அல்பாவிற் சேர்ந்தார். அச்சங்கம் தன்னை அமைத்த இருபது பெண்களை இருபது முத்துகளாகப் போற்றுவது. 2021 சனவரியில் உப சனாதிபதியாகப் பதவியேற்ற நாளில் அவர் கழுத்தில் அணிந்த முத்துமாலையின் பொருளை, அச்சங்கத்துப் பெண்கள் சொல்லாமலே உணர்ந்தனர்.

கசப்பின் மறுபகுதி இன்னும் கொடிது. சேகரிப்பாளர் பலரின் சுவரிலே துடுப்பு வடிவான மரப்பலகைகள் தொங்கும். எழுத்துச் செதுக்கி வண்ணந்தீட்டி, புதிதாகச் சேர்ந்தவர் மூத்தவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தவை அவை. ஆயினும், புதியவரை அடிக்கும் கருவியாகவும் அத்தகைய பலகை பயன்பட்டதுண்டு. பகிடிவதை என்னுஞ் சொல்லின் பொருளை இலங்கை நேயர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1873ஆம் ஆண்டு ஒக்டோபரிலே, கோர்னெலில் மோர்ட்டிமர் லெகெற் என்னும் மாணவர், சங்கத்திற் சேர்வதற்கான சடங்கில் இரவிலே வெளியூருக்குக் கொண்டுசெல்லப்பட்டு, மலையிடுக்கில் வீழ்ந்து உயிர்நீத்தார். ஒன்றரை நூற்றாண்டு கழிந்து, 2024ஆம் ஆண்டிலேதான், கல்லூரிகள் தம்மிடத்து நிகழும் வதைகளைக் கணக்கிட்டு வெளியிடவேண்டும் என்னும் நாடளாவிய சட்டம் அங்கே பிறந்தது. துடுப்பைச் சுவரில் மாட்டுபவர் இவ்வரலாற்றையும் அதனருகே எழுதி மாட்டுதல் முறை.

நல்ல சேகரிப்பாளர் செய்வன சில உள. பெயரை அவர் அழியாது பேணுவார். அது யாருடைய பெயர் எனக் கல்லூரியின் ஆண்டு மலர்களிற் தேடுவார். குடும்பத்தார் இருப்பின் எழுதிக் கேட்பார். அவர்கள் விரும்பின் பொருளைத் திருப்பிக் கொடுப்பார். ஒருவரும் இல்லாதபோது ஆவணக் காப்பகமொன்றை நாடுவார். இல்லினோய் பல்கலைக்கழகத்திலே மாணவர் வாழ்வு குறித்த ஏடுகளைப் பேணவென்றே ஒரு காப்பகம் உண்டு. சங்கங்களைப் பற்றிய பெருந்தொகுதியொன்று அங்கே ஆராய்வோருக்குப் பயன்படுகின்றது. தனிப்பெட்டியிற் கிடக்கும் சின்னம் ஒருவருக்கு மகிழ்ச்சி. காப்பகத்திற் குறிப்போடு இருக்கும் சின்னம் ஊருக்குக் கல்வி.

நேயர்களே, மறைந்த ஒருவரின் பொருள் எங்கே கைக்கு வந்தாலும் இவ்வறம் பொருந்தும். பழைய பரிசுப் பதக்கமோ, பெயரெழுதிய பாடநூலோ, பாடசாலைக் குழுப்படமோ வீட்டு மூலையில் அகப்படும்போது, அதை விலைபேசுவதற்கு முன் ஒருமுறை பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தல் நன்று. அங்கே ஒரு பெயர் இருக்கலாம். அதை வாசிக்க ஒருவர் உள்ளவரை, அப்பெயருக்குரியவர் முற்றாக மறக்கப்பட்டவராகார்.